மலையில ரிசார்ட் லீஸ் எடுக்குறவங்க ஓனரோட காசு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டே ஆகணும், ஏன்?

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல், பள்ளங்கி, வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர்னு எங்க போனாலும் காட்டேஜ், அந்தப் பக்கம் கோத்தகிரி, குன்னூர், மசினகுடியிலயும் இதே கதைதான். இதுல நிறைய இடத்தை ஓட்டுறவங்க ஓனர் கிடையாது, லீஸ் எடுத்து ஓட்டுறவங்க. வத்தலகுண்டு, பழனி, திண்டுக்கல், மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த பசங்க, வெளிநாட்டுல சம்பாதிச்சதைக் கொண்டாந்தவங்க, வீட்டு நகையை அடகு வெச்சு அட்வான்ஸ் குடுத்தவங்க. இவங்க எல்லாரும் இடம் பாக்கும்போது பட்டா பாக்குறாங்க, ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பாக்குறாங்க, தண்ணி வருமா, வழி இருக்கா, பில்டிங் அப்ரூவல் இருக்கான்னு கேக்குறாங்க. ஓனர் இந்த இடத்தை எந்தக் காசுல வாங்கினார்ங்கிற கேள்வியை மட்டும் கேக்குறதே இல்ல, கேட்டா மரியாதைக் குறைவா போயிரும்னு நினைக்கிறாங்க. அந்த ஒரு கேள்விதான் அவங்க போட்ட மொத்த முதலையும் காப்பாத்தக்கூடியது, அதனால இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல, தப்பான காசு ஏன் மலைக்கு ஏறி வருதுன்னு புரிஞ்சுக்கணும். கீழ சிட்டியில ஒரு வீடு வாங்கினா அக்கம்பக்கத்துல கண்ணு படும், மலையில நிறைய இடம் வெளியூர்க்காரங்க பேர்லதான் இருக்கு, ஓனர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தா யாருக்கும் வித்தியாசமா தெரியாது. அடுத்தது, தோட்டம். விவசாய வருமானத்துக்கு இந்தியாவுல வருமான வரி கிடையாது, அதனால அஞ்சு ஏக்கர் காபி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் இருந்தா போதும், எங்கயோ வாங்கின லஞ்சத்தை "தோட்டத்து விளைச்சல் காசு"ன்னு கணக்குல காட்ட முயற்சி பண்ணுவாங்க. டீக்குக் கணக்கு வேற, தானே விளைய வெச்சு தானே தூளாக்கி விக்கிறவங்களுக்கு வருமானத்துல 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம்னு பிரிப்பாங்க. மூணாவது காரணம், ரிசார்ட். இது கேஷ் புழங்குற தொழில், ரூம் காலியா இருந்துச்சா ஆள் தங்குச்சான்னு வெளிய இருந்து யாரும் பாக்க முடியாது. ஜூலை மழையில காலியா கிடந்த பன்னெண்டு ரூமும் நிரம்பி வழிஞ்சதா பில் போட்டா, வெளிய இருந்து வந்த கருப்புப் பணம் ரூம் வாடகைங்கிற பேர்ல ஜிஎஸ்டி கட்டி வெள்ளையா பேங்க்குக்குப் போயிரும்.

இங்கதான் லீஸ் எடுக்குற தம்பி மாட்டுறாரு. ஜிஎஸ்டி அவர் பேர்ல, லைசென்ஸ் அவர் பேர்ல, கெஸ்ட் ரெஜிஸ்டர்ல கையெழுத்து அவரோடது. ஓனரோட ஆள் வந்து "தம்பி நீங்க ஓட்டுங்க, வாடகையெல்லாம் வேணாம், லாபத்துல பாதி பாதி, ஆஃப் சீசன்ல நாங்க கொஞ்சம் கேஷ் தருவோம், அதை ரூம் போன மாதிரி பில் போட்டு அக்கவுண்ட்ல கட்டிருங்க"ன்னு சொன்னா, அது உதவி இல்ல. அன்னைக்கே நீங்க அந்தக் குற்றத்துக்குள்ள ஒரு ஆள் ஆகிடுறீங்க. பின்னாடி விசாரணை வந்தா கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் எண்ணிக்கை, பெட்ஷீட் சலவைக் கணக்கு, ஆன்லைன் புக்கிங் கணக்கு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்கலாம், ஆள் தங்காத ரூமுக்கு சலவை பில் இருக்காது. 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ் வேற இருக்கு, எந்த மாசம் எவ்வளவு வண்டி ஏறுச்சுங்கிற கணக்கு அரசாங்கத்துகிட்டயே இருக்கு.

இனி சட்டம். நிறைய பேர் நினைக்கிறது, ஓனர் தப்பு பண்ணியிருந்தா ஓனரைப் பிடிப்பாங்க, நமக்கென்னன்னு. குற்றத்துல வந்த காசை வெள்ளையாக்குறதைத் தடுக்குறது பணமோசடி தடுப்புச் சட்டம் 2002, நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 1. இதோட 3வது பிரிவைப் படிச்சா அந்த நினைப்பு போயிரும். குற்றத்துல வந்த பணத்தை மறைச்சா, வெச்சிருந்தா, வாங்கினா, பயன்படுத்தினா, நல்ல பணம் மாதிரி காட்டினா, இதுல ஏதாவது ஒண்ணு போதும். 2022 ஜூலை 27ல விஜய் மதன்லால் சௌத்ரி வழக்குல உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொல்லுச்சு, எல்லாம் சேர்ந்து நடக்கணும்னு அவசியம் இல்ல, தனித்தனியாவே குற்றம்னு. தெரிஞ்சே உதவி பண்ணினவங்களும் இதுல வருவாங்க. தண்டனை 3 வருஷத்துல இருந்து 7 வருஷம், போதைப்பொருள் சம்பந்தப்பட்டதுன்னா 10 வரைக்கும். ஜாமீன் கிடைக்கிறதும் லேசு இல்ல, குற்றவாளி இல்லன்னு நம்ப காரணம் இருக்குன்னு கோர்ட்டுக்கே தோணணும்னு 45வது பிரிவு கேக்குது.

அப்ப உங்களை ஜெயில்ல போட்டுருவாங்களான்னா, உண்மையிலயே தெரியாம லீஸ் எடுத்தவருக்கு ஜெயில் பயம் அவ்வளவு இல்ல. அவருக்கு இருக்கிற பயம் வேற, போட்ட காசு.

ஒரு கணக்கு வெச்சுக்குவோம். அட்வான்ஸ் 30 லட்சம், ரூம் ரெடி பண்ண, பெட், டிவி, ஜெனரேட்டர், கிச்சன் எல்லாம் சேர்த்து இன்னொரு 25 லட்சம், அஞ்சு வருஷ லீஸ். ரெண்டாவது வருஷத்துல ஓனர் மேல இருக்கிற ஏதோ ஒரு மோசடி வழக்கை வெச்சு அமலாக்கத்துறை உள்ள வருது. 5வது பிரிவுல சொத்தைத் தற்காலிகமா முடக்குறாங்க, அது 180 நாள் வரைக்கும் நிக்கும். இந்தக் கட்டத்துல ஒரு சின்ன நிம்மதி உண்டு, முடக்கினாலும் அந்த இடத்தை அனுபவிச்சிட்டு இருக்கிறவங்க தொடர்ந்து அனுபவிக்கலாம்னு அதே பிரிவுல இருக்கு. 30 நாளுக்குள்ள விஷயம் டெல்லியில இருக்கிற தீர்ப்பளிக்கும் ஆணையத்துக்குப் போகணும், அவங்க நோட்டீஸ் குடுத்து இது எந்த வருமானத்துல வாங்கினதுன்னு கேப்பாங்க. ஓனரால பதில் சொல்ல முடியலன்னா முடக்கத்தை உறுதி பண்ணுவாங்க, அதுக்கப்புறம் 8வது பிரிவுல துறை இடத்தை எடுத்துக்கலாம். வழக்கு முடியிறதுக்கு முன்னாடியே இடத்தை எடுக்குறது விதிவிலக்காத்தான் இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் அதே 2022 தீர்ப்புல சொல்லியிருக்கு, ஆனா அந்த விதிவிலக்குல நம்ம இடம் வராதுன்னு நம்பி மே மாச சீசனுக்கு புக்கிங் வாங்க முடியுமா? கடைசியா ஓனருக்கு தண்டனை ஆகி சொத்து பறிமுதல் ஆச்சுன்னா, அது எந்த வில்லங்கமும் இல்லாம மத்திய அரசுக்குப் போயிரும்னு 9வது பிரிவு சொல்லுது. சட்டத்தை ஏய்க்கத்தான் லீஸ் போட்டாங்கன்னு தெரிஞ்சா அந்த லீஸே செல்லாதுன்னும் கோர்ட் அறிவிக்கலாம்.

அட்வான்ஸ் 30 லட்சத்தை யார்கிட்ட கேப்பீங்க? ஓனர் அக்கவுண்ட்டும் முடங்கித்தான் இருக்கும்.

இழந்ததைக் கேக்க ஒரு வழி இருக்கு, 8வது பிரிவோட 8வது உட்பிரிவு. சொத்துல நியாயமான உரிமை இருந்து, இதனால கணக்குப் போடக்கூடிய நஷ்டம் ஆனவங்க சிறப்பு நீதிமன்றத்துல கேக்கலாம். ஆனா நீங்க நல்லெண்ணத்தோட நடந்துக்கிட்டீங்க, நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தீங்க, அதையும் மீறித்தான் நஷ்டம் ஆச்சுன்னு கோர்ட்டுக்குத் திருப்தி ஆகணும். "எல்லா முன்னெச்சரிக்கையும்"ங்கிறதை நல்லா கவனிங்க. 30 லட்சத்துல 25 லட்சத்தை கேஷா குடுத்து, அக்ரிமென்ட்ல 5 லட்சம்னு போட்டு, பதினொரு மாசக் கணக்குல வெறும் முத்திரைத்தாள்ல எழுதி வெச்சிருந்தா எந்த முன்னெச்சரிக்கையைக் காட்டுவீங்க? ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸைப் பதிவு பண்ணியே ஆகணும்னு பதிவுச் சட்டம் சொல்லுது. ஒரு பரிவர்த்தனையில 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக்கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். ஓனர் இதெல்லாம் தெரிஞ்சும் கேஷ் கேக்குறாருன்னா அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

ஈசியில ஒண்ணும் இல்லையேன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஈசி காட்டுறது பதிவான பத்திரத்தையும் பதிவான முடக்கத்தையும்தான், இன்னும் முடக்கம் வராத சொத்துல அது சுத்தமாத்தான் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி வாங்கினவர் லஞ்சக் காசுல வாங்கினாரா, ஊரார் டிபாசிட் காசுல வாங்கினாரான்னு எந்த வில்லங்கச் சான்றிதழும் சொல்லாது. அதோட பணமோசடி தடுப்புச் சட்டத்துல "குற்றத்தின் வருவாய்"ங்கிறதுக்கு அர்த்தம் ரொம்ப அகலம், அந்தக் காசுல நேரடியா வாங்கின சொத்து மட்டும் இல்ல, அதுக்கு ஈடான மதிப்புள்ள வேற சொத்தும் வரும். அப்படின்னா ஓனரோட அப்பா காலத்து எஸ்டேட் பங்களாவா இருந்தாக்கூட, மோசடிக் காசு கைக்குக் கிடைக்காத இடத்துல அதுக்குப் பதிலா இதை முடக்கலாம். அதனால இடத்தோட வரலாறு மட்டும் பாத்தா போதாது, ஆளோட வரலாறும் வேணும்.

அமலாக்கத்துறை மட்டும்தான் வரும்னும் இல்ல. நம்ம ஊர்ல டெபாசிட் மோசடி வழக்கும் வரும், அதுக்கு இருக்கிறது 1997ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், டிஎன்பிஐடின்னு சொல்வாங்க. சென்னை, கோவை, மதுரையில இதுக்குன்னே தனி கோர்ட் இருக்கு. ஃபைனான்ஸ் கம்பெனி டிபாசிட்டைத் திருப்பித் தரலன்னா, அந்தக் காசுல வாங்கின சொத்தை அரசு ஆணை போட்டு முடக்கி, கோர்ட் உறுதி பண்ணினா வித்து டிபாசிட் போட்டவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கு வெடிச்சது 2009ல, கோவை டிஎன்பிஐடி கோர்ட் தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்ட்ல, 27 வருஷ சிறை. நடுவுல பதிமூணு வருஷம். இப்படி ஒரு வழக்குல சிக்கின சொத்து மேல அஞ்சு வருஷ லீஸ் போட்டிருந்தா அந்த லீஸ் காலம் முடிஞ்சும் வழக்கு முடிஞ்சிருக்காது. இன்னொண்ணும் சொல்லணும், அந்த மாதிரி இடத்துல நீங்க போட்ட புது டைல்ஸுக்கு அடியில இருக்கிறது யாரோ ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி பொண்ணு கல்யாணத்துக்குன்னு சேத்து வெச்ச காசு. நான் இதைப் பத்தி எழுதுறதுக்கு அதுவும் ஒரு காரணம், வெறும் சட்டச் சிக்கலா மட்டும் என்னால இதைப் பாக்க முடியல.

பினாமி விஷயம் மலையில ரொம்ப சகஜம், பத்திரம் டிரைவர் பேர்ல இருக்கும், தோட்டத்து மேஸ்திரி பேர்ல இருக்கும். 1988 சட்டத்தை 2016ல திருத்தி அந்த வருஷம் நவம்பர் 1ல இருந்து கடுமையாக்கினாங்க, 1 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், அதோட சொத்தோட சந்தை மதிப்புல 25 சதவீதம் வரைக்கும் அபராதம், சொத்து பறிமுதல். நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி விஷயம் தெரியாம சரியான விலை குடுத்து வாங்கினவருக்குப் பாதுகாப்பு இருக்கு, தெரிஞ்சு வாங்கினவருக்கு இல்ல. 2016க்கு முன்னாடி நடந்ததுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாதுன்னு 2022 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேட்டு நிறைய பேர் நிம்மதியா இருந்தாங்க, 2024 அக்டோபர்ல அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றுட்டாங்க. பழைய பத்திரம்தானேன்னு சொல்றவங்க இதைக் கேட்டுக்கணும்.

கம்பெனி பேர்ல இருக்கே, தனி ஆள் இல்லையேன்னு ஒரு தைரியம் வேற. ஜெயலலிதா, சசிகலா மேல இருந்த சொத்துக்குவிப்பு வழக்குல பெங்களூரு தனி நீதிமன்றம் 2014 செப்டம்பர்ல ஆறு கம்பெனிகளோட சொத்தைப் பறிமுதல் பண்ணச் சொல்லுச்சு. அந்தக் கம்பெனிகள் குற்றவாளிக் கூண்டுல நிக்கவே இல்ல, ஆனாலும் 2017 பிப்ரவரி 14ல உச்ச நீதிமன்றம் அந்தப் பறிமுதலை உறுதி பண்ணுச்சு. அது முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, 2020 அக்டோபர்ல நீலகிரியில கோடநாடு எஸ்டேட்டையும், செங்கல்பட்டு மாவட்டத்துல சிறுதாவூர் பங்களாவையும் வருமான வரித்துறை பினாமி சட்டத்துல முடக்குச்சு. கம்பெனி போர்டு பாத்து யாரும் மயங்க வேணாம்.

மண்ணோட மூலத்துல வர்ற சிக்கல் வேற ரகம், அதை இங்க ஒரு வரியில தொட்டுட்டுப் போறேன். பஞ்சமி நிலம் (பட்டியல் சாதி மக்களுக்குன்னு ஒதுக்கினது), தோடர் பட்டா (தோடர் பழங்குடிகளுக்குக் குடுத்தது), கூடலூர் பக்கம் ஜென்மம் நிலம் (பழைய ஜென்மி குடும்பங்ககிட்ட இருந்தது), தனியார் காடு இதெல்லாம் சாதாரண கிரயத்துல கை மாறக்கூடாதது, இல்லன்னா அனுமதி வாங்கி மாறணும். மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தடத்துல 2018ல சீல் வெச்ச ரிசார்ட்டுகளை நினைச்சுப் பாருங்க, 2020 அக்டோபர் 14ல உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும்னு சொல்லிருச்சு.

சரி, இப்ப "தப்பான காசா இருக்கலாம்"ங்கிற நிலைமைக்கு வருவோம். பெரும்பாலான இடத்துல ஓனர் குற்றவாளின்னு தீர்ப்பு எதுவும் இருக்காது. ஊருக்குள்ள பேச்சு மட்டும் இருக்கும், டீக்கடையில "அது அந்த ஆபீசர் இடம்பா, பேர்தான் மச்சான் பேரு"ன்னு சொல்வாங்க. இந்தப் பேச்சு பொய்யாவும் இருக்கலாம், பொறாமையில கிளப்பி விட்டதாவும் இருக்கலாம், அதனால யாரையும் குற்றவாளின்னு நாம முடிவு பண்ணக்கூடாது. மூல வழக்குல, அதாவது அந்தக் காசு வந்த அசல் குற்றத்துக்கான வழக்குல, ஓனர் விடுதலை ஆயிட்டா பணமோசடி வழக்கும் நிக்காதுன்னு அதே விஜய் மதன்லால் தீர்ப்புல இருக்கு. ஆனா சந்தேகம் காதுல விழுந்த நிமிஷத்துல உங்க நிலைமை மாறிடுது. அதுக்கு முன்னாடி நீங்க தெரியாதவர், அதுக்கப்புறம் விசாரிச்சவரா இல்ல கண்ணை மூடிக்கிட்டவரா, இந்த ரெண்டுல ஒண்ணுதான். விசாரிச்சு, பதில் வாங்கி, எழுத்துல வெச்சிருந்தா நாளைக்கு அதுதான் உங்க முன்னெச்சரிக்கைக்கு ஆதாரம். கண்ணை மூடிக்கிட்டா ஒவ்வொரு மாசமும் நீங்க குடுக்குற வாடகை உங்களுக்கு எதிரான ஆதாரமா மாறிட்டே போகும். என்னைக் கேட்டா சந்தேகப்பட்டும் தொடர்ந்து ஓட்டுறதுதான் இருக்கிறதுலயே மோசமான முடிவு, அதுக்கு அட்வான்ஸ்ல கொஞ்சம் விட்டுட்டு வெளிய வர்றதே மேல்.

என்ன கேக்கலாம்? இடம் வாங்கின வருஷத்து ஓனரோட வருமான வரி ரிட்டர்ன், கிரயத்துக்குக் காசு பேங்க் வழியாப் போனதுக்கு ஸ்டேட்மென்ட், லோன் போட்டிருந்தா லோன் பேப்பர். தர மாட்டேன்னு சொன்னா அவங்க ஆடிட்டர்கிட்ட ஒரு கடிதமாவது கேளுங்க, கிளையன்ட்டுக்காக சொத்து வாங்கி விக்கிற வேலையைப் பாக்குற ஆடிட்டர்களை 2023 மே மாசத்துல இருந்து பணமோசடி தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அதனால அவங்களும் சும்மா எழுதிக் குடுக்க யோசிப்பாங்க. ஓனர் பேரையும் கம்பெனி டைரக்டர் பேரையும் கோர்ட் வழக்கு விவரம் பாக்குற இ-கோர்ட்ஸ் தளத்துல போட்டுத் தேடுங்க, காசே செலவு இல்ல. பத்திரத்துல இருக்கிற ஆளை நேர்ல பாக்கணும்னு சொல்லுங்க, பத்திரம் ஒருத்தர் பேர்ல, பேசுறது ஒருத்தர், வாடகை போற அக்கவுண்ட் மூணாவது ஒருத்தரோடதுன்னா அங்கயே நிறுத்திருங்க. சுத்தி இருக்கிற வாடகையைவிட ரொம்பக் கம்மியா குடுத்தாலும் ஏன்னு கேக்கணும், வாடகையே வேணாம்னு சொல்ற ஓனருக்கு உங்க ஜிஎஸ்டி நம்பர்தான் வேணும்.

வாங்குறதா இருந்தா ஒரு வழி மட்டும் சட்டப்படி ஓரளவு பாதுகாப்பு. திவாலான கம்பெனியை திவால் சட்டப்படி கடன் குடுத்தவங்க ஒத்துக்குற தீர்வுத் திட்டம் மூலமா எடுத்தா, பழைய ஓனருக்குச் சம்பந்தமே இல்லாத புது ஆளா இருக்கிற பட்சத்துல, 32ஏ பிரிவு பழைய குற்றத்துக்காக அந்தச் சொத்து மேல கை வைக்கிறதைத் தடுக்குது. சின்ன காட்டேஜுக்கு இது ஒத்துவராது, பெரிய ஹோட்டல், எஸ்டேட் எடுக்குறவங்க வக்கீல்கிட்ட இதைப் பத்திக் கேக்கலாம்.

நீலகிரியில டீ ஃபேக்டரி எடுத்து ஓட்டுறவங்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்து வரும். பச்சை இலையை சிறு விவசாயிங்ககிட்ட வாங்கித்தான் அந்த ஃபேக்டரி ஓடுது, இலைக்கான காசு பல இடத்துல பின்னாடிதான் குடுப்பாங்க. ஃபேக்டரியும் அக்கவுண்ட்டும் முடங்கினா இலை போட்ட ஆளுங்க ஒவ்வொருத்தரும் வாசல்ல வந்து நிப்பாங்க, அவங்க பாக்கிக்கு நீங்கதான் பதில் சொல்லணும். ரிசார்ட்டுலயும் அப்படித்தான், ரூம் பாய், சமையல் மாஸ்டர், தோட்டக்காரம்மா எல்லாரும் உங்களை நம்பித்தான் வேலைக்கு வந்தாங்க, அந்த ஓனரை அவங்க பாத்தது கூட இல்ல.

ஏற்கனவே உள்ள மாட்டிக்கிட்டவங்க இருப்பீங்க. இனிமே வாடகையை பேங்க் வழியா மட்டும் குடுங்க, பத்திரத்துல இருக்கிற ஆளோட அக்கவுண்ட்டுக்கு மட்டும். பழைய தேதி போட்டு புது அக்ரிமென்ட் எழுதலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, தெரியாம மாட்டினவரை அந்த ஒரு பேப்பர் குற்றவாளி ஆக்கிரும். ராத்திரியோட ராத்திரியா சாமானை ஏத்திட்டுப் போகவும் வேணாம். முடக்க உத்தரவு வந்துட்டா வாடகையை யாருக்குக் கட்டணும்னு துறைகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, ஓனர் சொல்றாருன்னு அவருக்கே கட்டிட்டு இருக்காதீங்க. தீர்ப்பளிக்கும் ஆணையத்துல இருந்து உங்களுக்கு நோட்டீஸ் வரலன்னாலும், சொத்துல உரிமை கேக்குற யாரும் அங்க போய்ப் பேசலாம், அதுக்கு பணமோசடி தடுப்புச் சட்டத்தோட 8வது பிரிவுல இடம் இருக்கு. உத்தரவு பாதகமா வந்தா 45 நாளுக்குள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதுக்கப்புறம் 60 நாளுக்குள்ள ஹைகோர்ட். நாள் தவறவிட்டு நிக்காதீங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. நீங்க வாங்கிப் போட்ட ஒவ்வொரு கட்டில், டிவி, ஹீட்டர், ஜெனரேட்டருக்கும் உங்க பேர்ல, உங்க ஜிஎஸ்டி நம்பர்ல பில் இருக்கான்னு பாத்து, லிஸ்ட் எழுதி, போட்டோ எடுத்து, ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கி லீஸ் பத்திரத்தோட இணைப்பா வெச்சுக்கோங்க, அதோட ஒரு காப்பி மலைக்குக் கீழ உங்க வீட்டுல இருக்கட்டும்.